கெட்டிச் சத்தம்

காலியாக இருக்க வேண்டிய இடம் கெட்டியாகச் சத்தம் கொடுத்தது.

அவன் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் படகின் தரையில் இன்னொரு முறை தட்டிப் பார்த்தான். ஃபைபர் படகில் வேலை செய்கிறவர்கள் கண்ணை நம்புவதில்லை, காதைத்தான் நம்புவார்கள். அடியில் ஏதாவது நிறைந்திருந்தால் டக் என்று கேட்கும். காலியாக இருந்தால் தொம் என்று கேட்கும். பின்பக்கம் மோட்டார் மாட்டுகிற இடத்தை ஒட்டித் தட்டினான், தொம். பக்கவாட்டில் தட்டினான், தொம். ஸ்டியரிங்குக்குக் கொஞ்சம் பின்னால், நட்டநடுவில் தட்டினான். டக்.

வேறு யாராவது இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எட்டு வருடம் ஏரிச் சேற்றில் கிடந்த படகு உள்ளே இன்னும் கெட்டியாக இருக்கிறது என்றால் பாதி வேலை மிச்சம். ஆனால் அந்தத் தரைக்கடியில் ஒன்றுமே கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் காலியாக விட்டவனே அவன்தான்.

மத்தியான வெயிலில் ஷெட்டின் தகரக் கூரை படபடவென்று விரிந்துகொண்டிருந்தது. ஃபைபரை இறுக்கப் பூசுகிற ரெசின் பிசினின் பழைய வாசனை, அழுகத் தொடங்கிய பழமும் நகப்பூச்சும் கலந்த மாதிரியான அந்த இனிப்பு நெடி, சூடு ஏற ஏறப் படகிலிருந்து கிளம்பித் தொண்டையில் உட்கார்ந்தது. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை அவனுக்குப் பயமில்லை. நின்றால் அவள் எழுந்து வருகிறாள் என்று அர்த்தம்.

படகு அவளுடைய அண்ணனுடையது. பதினாறு அடி நீளம், சிவப்பும் வெள்ளையும், அவனைவிட வயதில் மூத்த படகு. மச்சான் அதை யாரோ கோழி அடைத்து வைத்திருந்த நிலையில் வாங்கி வந்து, இதே ஷெட்டில் வைத்து உயிர் கொடுத்தார். மச்சான் மோட்டார் படகு மெக்கானிக். மோட்டார் விசிறியில் சிக்கி வலது கை மோதிர விரலில் பாதி போனதிலிருந்து ஏரிக்கரையில் அவருக்கு அரைவிரல் என்றுதான் பேர். மிச்சமிருந்த ஒன்பதரை விரலை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையை நாலு பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாது.

இவனோ அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறவன். ஆணி அடித்தால் ஆணி வளையும். அளந்து ஊற்றினால் அளவு தப்பும். மாப்பிள்ளைக்கு ரெண்டும் இடது கை என்று மச்சான் எல்லார் முன்னாலும் சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மனதில் கெடுதல் ஒன்றும் இருந்ததில்லை, அவர் வாய் அப்படி. ஆனால் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் இவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அந்த மாதிரிப் படகில் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே முழங்கை ஆழத்துக்கு ஓர் அறை இருக்கும். அதில் ஃபோம் ஊற்ற வேண்டும். இரண்டு டப்பாவில் இரண்டு திரவம். சரிக்குச் சரி அளந்து, இருபத்தைந்து எண்ணும்வரை கலக்கி, தரையில் போட்ட ஓட்டைகள் வழியாக ஊற்றினால், உள்ளே பால் பொங்குவதுபோலப் பொங்கி மூலைமுடுக்கெல்லாம் நிரம்பி இறுகிவிடும். அதற்குப் பிறகு அடி ஓட்டையானாலும் படகு மூழ்காது, தண்ணீர் நிரம்பினாலும் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். மச்சான் அந்த வேலையை ஒரே ஒரு நாள் இவனை நம்பி விட்டுவிட்டு சாமான் வாங்க வெளியூர் போனார்.

இவன் அளவைத் தப்பவிட்டான். திரவம் பொங்கவே இல்லை. பாகு மாதிரி நாற்றமடித்துக்கொண்டு வாளியிலேயே கிடந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு வருடத்துக்கு வீட்டில் அதுதான் பேச்சு. டப்பாவின் அடியில் மிச்சமிருந்ததை வைத்து ஒரே ஒரு டம்ளர் அளவுக்குச் சரியாகக் கலக்கினான், அது பொங்கியது. அதைக் கத்தியால் எட்டு அடைப்பான்களாக நறுக்கி, தரையின் எட்டு ஓட்டைகளிலும் பசை தடவிச் செருகி, உள்ளேயிருந்து பொங்கி வழிந்த மாதிரி மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும்படி விட்டான். வாளிப் பாகைக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினான். அவன் வாழ்க்கையில் சுத்தமாகச் செய்த ஒரே கைவேலை அதுதான்.

சாயங்காலம் மச்சான் வந்து பார்த்தார். ஊத்தியாச்சா என்று கேட்டார். ஊத்தியாச்சு என்றான். துருத்தி நின்ற மஞ்சள் தலைகளைக் கத்தியால் ஒவ்வொன்றாகச் சீவிவிட்டு, இவன் தோளில் தட்டி, "பரவாயில்லையே, மாப்பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

ஆனாலும் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்தது. படகை முதன்முதலாக ஏரியில் விட்ட காலை. கரையில் கூட்டம். இவன் கயிறு கட்டிய லட்சணத்தைப் பார்த்து மச்சான் ஏதோ சொல்ல, கரையே சிரித்தது, மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபோம் இல்லை மச்சான், போகாதீங்க என்ற வார்த்தை அதுவரை தொண்டையில்தான் நின்றுகொண்டிருந்தது. அதை விழுங்கினான். ஒரு தடவை தண்ணி குடிச்சுட்டு வரட்டும், கொழுப்பு அடங்கும் என்று நினைத்தான். கயிற்றை அவிழ்த்துவிட்டதும் அவன்தான்.

நடு ஏரியில், தண்ணீருக்கடியில் நின்ற பட்ட மரமொன்றின் அடிக்கட்டையில் படகு மோதியது. கையகலம்தான் பிளந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லைப் போட்ட மாதிரி மூழ்கிவிட்டது. நல்லா நீஞ்சுறவராச்சே, தரையில ஏதோ கால் மாட்டியிருக்கணும் என்று பேசிக்கொண்டார்கள். ஆறு நாள் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

இந்த வருடம் ஏரியைத் தூர் வாரியபோது படகு மட்டும் கிடைத்தது. ஃபைபருக்கு அழிவே கிடையாது என்று மச்சான் சொல்வது சரிதான். லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது மனைவி அதன் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழவில்லை. பிறகு திரும்பி, "இதைச் சரி பண்ணுங்க. அண்ணா வேலை பாதியில நிக்கக் கூடாது" என்றாள்.

உடைத்துப் போட்டுவிடலாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவள் காதில் வாங்கவில்லை. வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னபோதுதான் அவனுக்கு வியர்த்தது. வேலை தெரிந்தவன் ஒருவன் தரையைப் பிரித்தால் அந்த நிமிடமே உள்ளே ஃபோம் இருந்ததில்லை என்று தெரிந்துவிடும். ஏன் மூழ்கியது என்று தெரிந்துவிடும். யார் ஊற்றினார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டான். அவள் வீட்டில் இல்லாத ஒரு நாள் தரையை அறுத்து, இந்தத் தடவை நிஜமாகவே ஊற்றி, மூடிவிட வேண்டும். அப்புறம் அந்த எட்டு வருடத்தை யாரும் தோண்ட முடியாது.

அதற்கு முன்னால் இந்தச் சத்தம்.

சேறு அடைத்திருக்கும் என்று முதலில் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். அடியில்தான் பிளவு இருக்கிறதே, அதன் வழியாக உள்ளே போயிருக்கும். தையல் அறையிலிருந்து அவளுடைய சாக்குக்கட்டியை எடுத்து வந்தான். துணியில் கோடு போடுகிற தட்டை நீலக் கட்டி. ஒவ்வொரு விரல்கடைக்கும் தட்டித் தட்டி, கெட்டியாகக் கேட்ட இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டே போனான். முழங்கால் வலித்தது, முதுகு நனைந்தது, ஃபைபர் தூள் முழங்கையில் ஏறி அரிக்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து நின்று மேலிருந்து பார்த்தான்.

சேறாக இருந்தால் திட்டுத் திட்டாக இருக்கும். இது அப்படி இல்லை. தலை இருந்தது. தோள் இருந்தது. கை இரண்டும் தலைக்கு மேலே, படகின் முன்பக்கத்தை நோக்கி நீண்டிருந்தன. ஒரு கால் நேராக, ஒரு கால் முட்டி மடங்கி. யாரோ தரைக்கடியில் படுத்துக்கொண்டு எதையோ எட்டிப் பிடிக்கப் பார்க்கிற மாதிரி.

அந்தப் பிளவில் ஓர் உள்ளங்கைதான் போகும், அந்த ஓட்டைகளில் ஒரு கட்டைவிரல்தான் போகும் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். மனிதன் உள்ளே போக வழியே இல்லை. தையல் மிஷின் நின்று எத்தனை நேரமாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் ஷெட் வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்தாள். அவன் அவசரமாக உள்ளங்கையால் நீல வட்டங்களை அழிக்கப் பார்த்தான். அவள் எப்போதும் போல ஆளை அளக்கிற பார்வையோடு, தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்த வடிவத்தையே பார்த்தாள். இருபது வருடமாக ஊருக்கே சட்டை தைக்கிறவள், டேப் இல்லாமலே அளவு சொல்லிவிடுவாள்.

"அண்ணா தோள் இதைவிட ரெண்டு விரல்கடை அகலம்" என்றாள்.

டம்ளரைப் படகின் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் டீயைக் குடிக்கவில்லை. அது ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அலுவலகத்தில் இருக்கவே முடியவில்லை. முழங்கை அரிப்பு தோள்வரை ஏறியிருந்தது. ஃபைபர் வேலை செய்தால் அரிப்பது சகஜம்தான், கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி இழைகள் தோலுக்குள் நின்றுகொள்ளும், பச்சைத் தண்ணீரில் கழுவினால் போகும். இது போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீடு திரும்பினான். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, நேற்று தலை இருந்த இடத்தில் தட்டினான். தொம். மனசு லேசானது. ஒரு சாண் முன்னால் தட்டினான்.

டக்.

தோளைத் தேடினான். தோளும் ஒரு சாண் முன்னால் போயிருந்தது. முட்டியும் முன்னால் போயிருந்தது. அது முன்பக்கம் நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, பிளவு இருக்கிற பக்கமாக.

அவன் கைப்பிடியைத் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கூரை படபடத்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். பிறகு, அவன் கை மடியில் இருக்கும்போதே, படகின் அடியிலிருந்து அவசரமில்லாமல் மூன்று தடவை தட்டும் சத்தம் வந்தது. வேலை தெரிந்தவன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே தட்டுகிற தட்டு.

அன்றைக்குச் சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனபோது ஜன்னல் மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தான். கட்டைவிரல் அளவில் மஞ்சளாக ஒரு துண்டு. மேல் முனை மழுங்கச் சீவியிருந்தது. கீழ் முனை கத்தியால் நேராக வெட்டியிருந்தது. ஓரத்தில் காய்ந்த பசை. எட்டு வருடத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை.

படகை இறக்கிய அன்று தரையில் ஓர் ஓட்டை மட்டும் திறந்து கிடந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஏரியில் கழன்று போயிருக்கும் என்று நினைத்திருந்தான்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அது என்ன என்று கேட்டான். குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று ரொம்பப் பாடுபட்டான். ஏதோ கார்க் மாதிரி இருந்தது, கழுவி வைத்தேன், எதற்காவது உதவும் என்றாள். கத்தி நிற்கவே இல்லை. பிறகு, காய்களைப் பார்த்தபடியே, உள்ளே பொங்கி வந்த ஃபோமாக இருந்தால் அடிப்பக்கம் பிய்ந்துதானே இருக்கும், இது என்னமோ வெட்டின மாதிரி நேராக இருக்கிறது என்றாள். தெரியலையே என்றான். "எனக்கும்தான் தெரியல" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஒரு கோபமான வார்த்தை பேசவில்லை. சோறு சூடாக வந்தது. சட்டை இஸ்திரி போட்டு வந்தது. அவன் முழங்கையில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் காலில் விழுந்திருப்பான். அவள் அந்த வசதியைக் கொடுக்கவில்லை. ஒரு நாள் மட்டும், தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, சின்ன வயதில் அண்ணா தனக்கு ஃபோம் கலக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், இருபத்தைந்துவரை சத்தமாக எண்ணச் சொல்லுவார் என்றாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போய்விட்டு சாயங்காலம்தான் வருவேன் என்றாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் ஷெட்டுக்கு ஓடினான்.

பழைய துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஃபோம் டப்பாக்கள் இரண்டையும் எடுத்தான். இரண்டின் மேலும் சரிபாதி உயரத்தில் நீலச் சாக்குக்கட்டியால் நேர்த்தியான ஒரு கோடு இருந்தது. அவன் போட்டதாக ஞாபகம் இல்லை. யோசிக்க நேரமும் இல்லை. மிச்சமிருந்த ஏழு அடைப்பான்களை நோண்டி எடுத்தான், மாஸ்க்கைக் கட்டினான், கையுறை மாட்டினான், தகடு அறுக்கிற கிரைண்டரை ஓட்டினான். தரையை ஆறடி நீளம் இரண்டடி அகலத்துக்கு ஒரே பலகையாக அறுத்தான். எட்டு ஓட்டைகளும் பலகையிலேயே இருந்தன. திரும்ப மூடி இறுக்குவதற்கு ஓரங்களில் திருகாணித் துளையும் போட்டு, ஆணிகளையும் ட்ரில் மிஷினையும் விளிம்பில் தயாராக வைத்தான். வெள்ளைத் தூள் ஷெட் முழுக்க எழும்பி, கூரை ஓட்டையில் வந்த வெயிலில் சுழன்றது. பலகையின் கீழ் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான்.

உள்ளே யாரும் இல்லை.

அவன் சிரித்தான். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தான். முன்கோடியில், பிளவின் வழியாகக் கீழே ஷெட் தரையின் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அவ்வளவுதான். எட்டு வருடச் சேறு அடைத்துக் கிடக்க வேண்டிய அறை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அடியில் மட்டும் காய்ந்த வண்டல் மாவு சலித்த மாதிரி மெல்லிசாகப் படிந்திருந்தது. முன்கோடிப் பக்கம் கொஞ்ச இடத்தில் அதுவும் இல்லை. அந்த இடம் வழவழவென்று பளபளத்தது. அதன் வடிவத்தை அவன் உற்றுப் பார்க்க விரும்பவில்லை.

முதலில் பிளவை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றும் ஃபோம் எல்லாம் கீழே ஓடிவிடும். அடைக்கவேண்டிய இடம் அறுக்காமல் விட்ட முன்தட்டுக்கு அடியில் இருந்தது. உள்ளே குப்புறப் படுத்து, கையை நீட்டித்தான் எட்ட முடியும். ரெசினை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அதை இறுக வைக்கிற ஹார்டனர் விட்டான். அவசரத்தில் கொஞ்சம் கூடிப்போயிற்று. வேறு கலக்க மனமில்லை. கண்ணாடி இழைத் துண்டை அதில் நனைத்து எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினான்.

படுத்தான். வயிற்றில் ஃபைபரின் குளிர்ச்சி. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே ஏரியின் குளிர்ச்சி. ஊர்ந்தான். கையை நீட்டினான். நனைந்த இழையைப் பிளவின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். இன்னும் அழுத்தம் வேண்டும் என்று ஒரு முட்டியை மடக்கி உந்தினான்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

கை இரண்டும் தலைக்கு மேலே. ஒரு கால் நேராக. ஒரு கால் முட்டி மடங்கி. அவன் தோள் வண்டல் இல்லாத அந்த வழவழப்பில் சரியாகப் பொருந்தியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு மயிரிழை மிச்சமில்லை, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை மிச்சமில்லை. அண்ணா தோள் இதைவிட ரெண்டு விரல்கடை அகலம்.

அது மச்சானின் அளவே இல்லை.

பின்னுக்கு ஊரப் பார்த்தான். கை வரவில்லை. உள்ளங்கைக்கடியில் ரெசின் சுடத் தொடங்கியிருந்தது. ஹார்டனர் கூடினால் அப்படித்தான், ஒரு நிமிடத்தில் கொதித்து இறுகும். கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை உருவிக்கொள்ளலாம் என்று விரல்களை மடக்கினான்.

பிளவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இறுகாத இழையைத் துளைத்துக்கொண்டு, விரல்கள் வந்தன. ஈரமான விரல்கள். அவன் மணிக்கட்டைச் சுற்றின. ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதிதான் இருந்தது.

அவன் கத்தினான். குரல் அறைக்குள்ளேயே முட்டித் திரும்பியது.

வெளியே செருப்புச் சத்தம். நிதானமாக வந்தது. படகின் ஓரத்தில் நின்றது.

"என்னங்க, ஊத்தியாச்சா?"

அவள் அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமில்லை. என்னைத் தூக்கு, காலைப் பிடிச்சு இழு என்று கதறினான். அவன் காலடியில் ஏதோ உரசியது. வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. பலகை. பலகையை இழுத்து மூடுகிறாள். அது முதுகின் மேல், பிடரியின் மேல், தலையின் மேல் வந்து உட்கார்ந்தது. ட்ரில் மிஷின் உறுமியது. ஒரு திருகாணி. இரண்டு. மூன்று.

"ஊத்தல" என்று அலறினான். "ஊத்தல! அன்னிக்கும் நான் ஊத்தல! தெரிஞ்சேதான் அனுப்பினேன்!"

ட்ரில் நின்றது. எட்டு ஓட்டைகள் வழியாகவும் எட்டு வெயில் குச்சிகள் உள்ளே இறங்கியிருந்தன. அவற்றில் தூள் சுழன்றது. சொல்லிவிட்டோம், இனி திறந்துவிடுவாள் என்று அவன் நினைத்தான். அவ்வளவு நம்பிக்கையாக நினைத்தான்.

அவன் காதுக்கு நேர் கீழே, ஃபைபருக்கு அந்தப் பக்கம், தண்ணீர் நிறைந்த தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பரவாயில்லையே, மாப்பிள்ளை."

மேலே அவள் மூக்கை உறிஞ்சினாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் அழுவது கேட்டது. பிறகு அவள் பேசினாள், அவனிடம் இல்லை.

"அண்ணா, புடிச்சுக்கிட்டீங்களா?"

கீழேயிருந்து தட்டும் சத்தம். டக், டக், டக்.

டப்பாவின் மூடியைத் திறக்கும் சத்தம். ஒன்றிலிருந்து வாளியில் ஊற்றும் சத்தம். இன்னொன்றிலிருந்து. அவள் அளவு என்றைக்கும் தப்பாது. குச்சியால் கலக்கும் சத்தம். அவள் எண்ணினாள், பள்ளிக்கூடப் பெண் மாதிரி, சத்தமாக. இருபத்து மூணு. இருபத்து நாலு. இருபத்தஞ்சு.

முதல் ஓட்டையின் வெளிச்சம் அணைந்தது. பாதத்தில் வெதுவெதுப்பாக ஏதோ விழுந்தது. நுரைக்கும் ஓசை. பொங்கியது. சுட்டது. கணுக்காலைச் சுற்றி ஏறி இறுகியது. மறுபடி எண்ணிக்கை. முட்டி. மறுபடி எண்ணிக்கை. இடுப்பு. விலாவுக்கும் பலகைக்கும் நடுவே இருந்த காற்றையெல்லாம் அது தேடித் தேடிக் குடித்தது. மூச்சை இழுத்தான். விலா விரியவில்லை. தோள். அக்குள். காது. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை மட்டும் விடவில்லை.

கடைசி ஓட்டை ஒன்றுதான் மிச்சம். அது அவன் பிடரிக்கு நேர் மேலே இருந்தது. கன்னத்தைத் திருப்பி ஒரு கண்ணால் அதைப் பார்த்தான். கூரையின் துண்டு வெளிச்சம் தெரிந்தது. அவள் விரல்கள் தெரிந்தன. விரல்களில் மஞ்சளாக, கட்டைவிரல் அளவில், கழுவி வைத்த அந்தத் துண்டு. அவள் அதை ஓட்டையில் வைத்து அழுத்தினாள்.

இருட்டு. வாயை மூடிக்கொண்டு ஏறிய வெப்பம். பிறகு, பலகையின் மேல், ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடி. அவள் பின்பக்கத்திலிருந்து தொடங்கினாள். டக். ஒரு விரல்கடை நகர்ந்தாள். டக். கால். டக். முதுகு. டக். மண்டைக்கு நேர் மேலே வந்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, மெதுவாக இரண்டு தடவை தட்டினாள். அந்தத் தட்டு அவன் எலும்பில் இறங்கியது.

எங்கேயும் தொம் என்று கேட்கவில்லை.